நல்ல கிருமியைக் கண்டவர்: ஆல்ஃபிரட் நிஸ்லே

ஈ.கோலை என்றாலே நமக்குக் குடிநீர்த் தொட்டியின் பரிசோதனை அறிக்கைதான் ஞாபகம் வரும். அதே கிருமியை மருந்தாக்கியவர் ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே (1874–1965).

முதல் உலகப் போர்க் காலம். குண்டடியோடு சீதபேதியும் வீரர்களைச் சாய்த்தது. ஆன்டிபயாடிக் அப்போது கிடையாது. பால்கன் போர்முனையில் உடனிருந்தவர்கள் படுத்த படுக்கையாக, ஒரு வீரருக்கு மட்டும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரைபர்க் நகரில் பணியாற்றிய நிஸ்லே இதை விடவில்லை. 1917இல் அந்த வீரரின் மலத்திலிருந்து (முகம் சுளிக்க வேண்டாம்!) ஓர் ஈ.கோலை வகையைப் பிரித்தெடுத்தார். நோய்க்கிருமிகளை வளரவிடாமல் அடக்கும் வகை அது. அதை வளர்த்து, ஜெலட்டின் உறையில் அடைத்து, ‘முட்டாஃப்ளோர்’ என்ற மருந்தாக்கினார்.

பெருங்குடலில் புண்ணும் ரத்தப்போக்குமாக வாட்டுவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அதற்கு இந்த மருந்து உதவுமா என்ற முறையான சோதனைகள் அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்தே நடந்தன. 1999இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 116 நோயாளிகள்; வழக்கமான மெசலாசின் மருந்துக்கு ஈடாக இதுவும் பலன் தந்தது. (நம் வீட்டுத் தயிரில் இருப்பது இந்தக் கிருமி அல்ல, டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.)

அந்த வகைக்கு இன்றும் ‘ஈ.கோலை நிஸ்லே 1917’ என்றே பெயர். வீரரின் பெயர்தான் எங்கும் இல்லை.