சங்கம் வைத்ததற்கு ஒரு வழக்கு: யார் இந்த பி.பி.வாடியா?

சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை. அரசியல் சாசனத்தின் 19(1)(சி) பிரிவு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனாலும் 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் முக்கியக் கோரிக்கையே தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். சங்கம் வைக்கலாம் என்பது ஒன்று. வைத்தபிறகு அதை நடத்த விடுவார்களா என்பது வேறு. இந்த இடைவெளியில் நூறு வருஷத்துக்கு முன்பே சென்னையில் ஒருவர் மாட்டிக்கொண்டார். அவர்தான் பி.பி.வாடியா.

முழுப்பெயர் பஹ்மன் பெஸ்தோன்ஜி வாடியா. 1881-ல் பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 1903-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்து, சில வருஷங்களில் அடையாறுக்கே குடிவந்துவிட்டார். அன்னி பெசன்டுக்கு வலதுகை மாதிரி. அவருடைய ‘நியூ இந்தியா’ பத்திரிகையிலும் ஹோம் ரூல் இயக்கத்திலும் வேலை செய்தார். 1917 ஜூனில் பெசன்ட், அருண்டேல், வாடியா மூன்று பேரையும் சென்னை அரசு அரசியலில் ஈடுபடக்கூடாது என்று தடுத்து, ஊட்டியில் இருக்க வைத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பவே செப்டம்பரில் விடுதலை. கூட்டம் போடுவதும் பேசுவதும் அரசு நினைத்தால் பறித்துவிடக்கூடியவை என்பதை வாடியா அப்போதே நேரில் பார்த்துவிட்டார்.

பஜனை சபையிலிருந்து சங்கம்

பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகள் இருந்தன. பி அண்டு சி மில் என்றால்தான் சென்னைவாசிகளுக்குப் புரியும். ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த இடம். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். அதற்குள் கைகழுவி, சாப்பிட்டு, திரும்பி ஓடி வர வேண்டும். மேலாளர்களின் வசவும் அடியும் தனி.

அந்தப் பகுதியில் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று இரண்டு வியாபாரிகள். ஸ்ரீ வேங்கடேச குணாமிர்தவர்ஷினி சபை என்ற பக்தி சபையில் முன்னின்றவர்கள். வாரக் கடைசியில் அங்கே வந்துபோன தொழிலாளர்கள் சாமி கும்பிட்டதோடு தங்கள் கஷ்டத்தையும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த இருவரும், படித்த தலைவர் ஒருவர் வேண்டும் என்று ‘நியூ இந்தியா’ அலுவலகத்துக்குப் போய் வாடியாவைப் பிடித்தார்கள். பக்தி சபை கூடினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதே ஆட்கள் சங்கமாகக் கூடினால் பிரச்சினை.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். திரு.வி.க.வும் முக்கியப் பொறுப்பில் இருந்தார். இந்தியாவில் அதற்கு முன்பும் தொழிலாளர் அமைப்புகளும் வேலைநிறுத்தங்களும் இருந்தன. தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்களோடு வ.உ.சி. நின்றது 1908-ல். ஆனால் முறையான உறுப்பினர், சந்தா, நிர்வாகிகள் என்று நிலையாக நடந்த முதல் தொழிற்சங்கம் என இதைத்தான் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். வாடியா ஆங்கிலத்தில் பேசுவார், யாராவது தமிழில் மொழிபெயர்ப்பார்கள். முதல் கோரிக்கைகளில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தை 30 நிமிடத்திலிருந்து 40 ஆக்க வேண்டும் என்பது. பத்து நிமிடம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடியா எடுத்ததற்கெல்லாம் வேலைநிறுத்தம் என்று கிளம்பியவர் அல்ல. உலகப்போர் நடக்கிறது, ஆலையில் ராணுவத்துக்குத் துணி தயாராகிறது, இப்போது வேலையை நிறுத்தக்கூடாது என்று தொழிலாளர்களை அவரே தடுத்திருக்கிறார். அந்த வருஷமே நிர்வாகம் ஆலையைப் பூட்டியது.

வாஷிங்டனில் மரியாதை, சென்னையில் தடை

1919-ல் வாடியா லண்டன் போய், இந்திய அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன் சாட்சியம் அளித்தார். அதே வருஷம் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில், இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம்.ஜோஷிக்கு ஆலோசகராக இருந்தார்.

ஊருக்குத் திரும்பியபின் நடந்தது வேறு. 1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் ஆலை கதவடைப்பு செய்யப்பட்டது. டிசம்பர் 9-ம் தேதி, வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிவந்த வாகனத்தின் மீது கூட்டம் கல்லெறிய, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். நிர்வாகம் தெருவோடு நிற்கவில்லை. வாடியா மீதும் மற்ற சங்கத் தலைவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்கள் ஆலையோடு செய்த வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள், அதனால் நஷ்டம், இழப்பீடு வேண்டும் என்பது வழக்கு. நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது.

இங்கேதான் சிக்கலைக் கவனிக்க வேண்டும். சங்கம் வைக்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் சங்கத்தைக் காப்பாற்றும் சட்டமும் இல்லை. அது இல்லாத இடத்தில் ஒப்பந்தச் சட்டமும் சதிக் குற்றமும் உள்ளே வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து வேலைக்குப் போக வேண்டாம் என்று முடிவெடுத்தால், வழக்குப் போடுகிறவர் அதைத் தூண்டுதல் என்றோ சதி என்றோ எழுதிவிடலாம். பிரிட்டனிலும் இதே தலைவலி இருந்தது. அங்கே 1901-ல் டாஃப் வேல் வழக்கில் சங்கத்தின் மீது இழப்பீடு சுமத்தப்பட்டது. உடனே கொதித்தெழுந்த தொழிலாளர்கள் 1906-ல் பாதுகாப்புச் சட்டத்தை வாங்கிவிட்டார்கள். அதாவது லண்டனில் சட்டம் காப்பாற்றும் ஒரு செயலுக்கு, அதே அரசரின் ஆட்சி நடந்த சென்னையில் இழப்பீடு கேட்டார்கள்.

1921 தொடக்கத்தில் சமரசம். வழக்கு கைவிடப்படும், தொழிலாளர் வேலைக்குத் திரும்புவார்கள், வாடியா சங்கத்தோடு உறவை முறித்துக்கொள்ள வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார். தலைவரைக் கழற்றிவிடுவதுதான் நிர்வாகத்தின் நோக்கம் என்றால், அது நிறைவேறிவிட்டது. அந்த வருஷமே ஆலையில் மீண்டும் நீண்ட வேலைநிறுத்தம் வந்து, அது புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக மாறிய கொடுமையும் நடந்தது. வாடியா அப்போது களத்தில் இல்லை.

ஆனால் வழக்கு வேறு வேலையைச் செய்தது. 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் என்.எம்.ஜோஷி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்து பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருஷம் இழுத்து, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதன் 17-வது பிரிவு, சங்கத்தின் நோக்கத்துக்காகச் செய்யும் உடன்பாட்டைச் சதிக் குற்றமாக்க முடியாது என்றது. 18-வது பிரிவு, தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகச் சொல்லி சிவில் வழக்குப் போடுவதைத் தடுத்தது. வாடியா மீது போட்ட அதே வழக்குக்கு எழுதிய பதில் மாதிரியே இருக்கும். நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம் என்று 22-வது பிரிவு அனுமதித்தது. வாடியாவும் வெளியாள்தானே!

இந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று 1961-ல் வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியர் போராட்டம் தொடர்பான 2003 தீர்ப்பு இன்னும் கடுமையாகவே பேசியது. 1926 சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, வேலைநிறுத்தத்துக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தருவதை எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயமாக்கியது.

வாடியாவின் சென்னைப் பேச்சுகள் 1921-ல் ‘லேபர் இன் மெட்ராஸ்’ என்ற ஆங்கிலப் புத்தகமாக வந்தன. அடுத்த வருஷம் அவர் அடையாறு பிரம்மஞான சபையையும் விட்டு விலகி, தியசாபிஸ்டுகளின் வேறொரு அமைப்பில் சேர்ந்தார். 1945-ல் மனைவி சோபியாவோடு சேர்ந்து பெங்களூரு பசவனகுடியில் உலகப் பண்பாட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தொழிற்சங்க மேடைக்கு அவர் திரும்பவே இல்லை. 1958 ஆகஸ்டில் பெங்களூருவில் காலமானார். பசவனகுடியில் அந்த நிறுவனம் இருக்கும் சாலைக்கு பி.பி.வாடியா சாலை என்றுதான் பெயர்.