53-என் என்ற சீசா

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

சிட்லபாக்கத்திலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் வீட்டு வாசலைப் போன்றது. காசநோய் மருத்துவமனையின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த நிலையத்தில் ஏறி, கிண்டியைக் கடந்து நான் தினமும் வருகிறேன். கிண்டியிலே கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1899-இல் தொடங்கப்பட்ட அந்த நிலையம் ஒரு காலத்தில் அம்மை குத்துவதற்கான மருந்தைத் தயாரித்து ராஜதானி முழுவதும் அனுப்பியது. 2020-இல் கொரோனா வந்தபோது சளி மாதிரிகள் பரிசோதனைக்குப் போனதும் அங்கேதான். இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே இரண்டு ஆண்டுகள் போய் வந்தும், தொற்றுநோயை ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அடக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தது என்னுடைய தவறு ஒன்றுதான்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தேன். குழாய்களில் எண் எழுதி ஒட்டுவதும், அதே எண்ணை நோட்டில் பதிவதும் என் வேலை. ஒரு மாலை, இரண்டு குழாய்களுக்கு 41 என்ற ஒரே எண்ணை எழுதிவிட்டேன். எது யாருடையது என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படித்தான் நான் நம்பினேன். அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு குழாய்களையும் அப்புறப்படுத்திவிட்டு, இரண்டு பேரையும் மறுபடி வரச் சொல்லி போன் செய்தார். அவர்களில் ஒருவர் வயதான அம்மா. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு மாடிப்படி ஏறி வந்து, மறுபடியும் கையை நீட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இத்தனை கெடுபிடி எதற்கு என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன். உங்கள் கல்லூரி நூலகத்தில் ஹாஃப்கின் என்பவரைப் பற்றித் தேடிப் படி, படித்துவிட்டு வந்து கேள் என்றார். அப்படித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வால்டெமர் ஹாஃப்கின் 1860-இல் ருஷ்யப் பேரரசின் ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்குள்ள பல்கலைக் கழகத்தில் மெச்னிகாவ் என்ற பேரறிஞரிடம் நம்மைப் போலவே விலங்கியல் பயின்றார். யூதராகப் பிறந்தவர் அன்றைய ருஷ்யாவில் பேராசிரியராக வேண்டுமானால் மதம் மாற வேண்டும். அதற்கு அவர் இணங்கவில்லை. நாட்டை விட்டுக் கிளம்பி ஜெனீவாவுக்கும், பிறகு 1889-இல் பாரிஸுக்கும் போனார். பாஸ்டர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது நூலகர் வேலைதான். பகலில் புத்தகங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் வாந்திபேதிக் கிருமியோடு மல்லாடினார். 1892 ஜூலை 18 அன்று தாம் உருவாக்கிய தடுப்பு மருந்தை முதலில் தம் உடம்பிலேயே ஊசி போட்டுக் கொண்டார். காய்ச்சல் வந்தது; போய்விட்டது.

ஐரோப்பாவில் பலர் அதை நம்பவில்லை. 1893-இல் இந்தியாவுக்கு வந்தார். வட இந்தியாவில் ஊர் ஊராக அலைந்து, சுமார் இரண்டரை ஆண்டுகளில் 40,000 பேருக்கு மேல் ஊசி போட்டார். கட்டாயம் என்பது அவரிடம் இல்லை. விரும்பி வந்தவர்களுக்கு மட்டுமே. ஊசி போட்டவர், போடாதவர் இரண்டு கணக்கையும் ஒரே இடத்தில், ஒரே நிலையில் வாழ்பவர்களிடம் எடுக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கல்கத்தாவில் ஒரு சேரியில் 1894-இல் காலரா புகுந்தது. அங்கே வசித்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக் கொண்டனர். அதன் பிறகு நோய் கண்டவர்கள் எல்லோரும் ஊசி போடாதவர்களே. இந்தக் கணக்குக்காக அவர் தந்த விலை மலேரியா. உடல் நலிந்து ஐரோப்பா திரும்பி, சற்றே தேறியதும் 1896-இல் மீண்டும் வந்தார்.

அந்த ஆண்டுதான் பம்பாயில் பிளேக் வெடித்தது. அரசாங்கம் ஹாஃப்கினை அங்கே அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கொடுத்தது ஓர் அறையும் தாழ்வாரமும். ஆட்கள் என்று பார்த்தால் ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். ஒரு பெருநகரத்துக் கொள்ளைநோயை இவ்வளவையும் வைத்துக்கொண்டு எதிர்க்க வேண்டும்! மூன்று மாதத்தில் மருந்து தயாராயிற்று.

அதைத் தயாரித்த விதம் நமக்கு நெருக்கமான ஒன்று. ஆட்டிறைச்சியைக் கரைத்து வடித்த சாற்றில் நெய்த் துளிகளை மிதக்க விட்டார். பிளேக் கிருமிகள் அந்த நெய்த் துளிகளைப் பற்றிக்கொண்டு, ஆலமரத்து விழுது போலக் கீழ்நோக்கி வளர்ந்தன. சில நாட்களுக்கு ஒருமுறை குடுவையைக் குலுக்கினால் விழுதுகள் உதிர்ந்து விழும்; புதிய விழுதுகள் தோன்றும். இப்படி ஏறக்குறைய ஆறு வாரம். பிறகு சூடேற்றிக் கிருமிகளைக் கொன்று, கெடாமலிருக்கக் கொஞ்சம் கார்பாலிக் அமிலம் சேர்த்துச் சீசாக்களில் அடைத்தார். நெய்யை வைத்துப் பிளேக் கிருமியை வளர்த்தார் என்று அக்காவிடம் சொன்னபோது அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

1897 ஜனவரி 10-ஆம் தேதி, மற்றவர்களுக்குப் போடவிருந்ததைவிடக் கூடுதலான அளவைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டு, காய்ச்சலோடும் வலியோடும் வேலையைப் பார்த்தார். அந்த மாத இறுதியில் பைகுல்லா சிறையில் விருப்பத்தோடு முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. ஊர் மக்கள் உடனே நம்பிவிடவில்லை. அரசாங்கம் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளை இழுத்துப் போன காலம் அது. பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த நிலையில் ஆகாகான் தாமே ஊசி போட்டுக்கொண்டு, தம் சமூகத்தார் ஆயிரக்கணக்கானோரையும் போட்டுக்கொள்ளச் செய்தார்.

இங்கே என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1898-இல் பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த உந்தேரா என்ற கிராமத்தில், ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசி போட்டு, மீதிப் பேரை விட்டுவிட்டார்கள். பிறகு நோய் நுழைந்த வீடுகளில் ஊசி போட்டவர்களில் 3 பேர் இறந்தனர். போடாதவர்களில் 26 பேர் இறந்தனர். மருந்தின் வலிமைக்கு அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஆனால் ஒரே கூரையின் கீழ், ஒரே சட்டியில் சோறு தின்றவர்களில் அண்ணன் பிழைக்கத் தம்பி போன வீடுகள் அவை. இன்று எந்த அறக் குழுவும் அதற்கு அவ்வளவு எளிதில் அனுமதி கொடுக்காது. மருந்தை நம்பாத உலகத்தை நம்ப வைக்க அன்று வேறு வழி இருந்ததா என்று கேட்டால், என்னிடம் விடை இல்லை.

1899 ஆகஸ்டில் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையில் பிளேக் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. ஒரு குமாஸ்தாவும் மூன்று பியூன்களுமாகத் தொடங்கிய வேலை, நாடு முழுவதற்கும் மருந்து அனுப்பும் தொழிற்சாலையாகிவிட்டது. சீசாவுக்குச் சீசா எண் உண்டு. எந்தச் சீசா எந்த ஊருக்குப் போயிற்று, யாருக்குப் போடப்பட்டது என்று தேடிப் பிடிக்க முடிந்தது அதனால்தான்.

1902-இல் பஞ்சாபில் பிளேக் மூர்க்கமாகப் பரவியது. லட்சக் கணக்கில் மருந்து வேண்டும், உடனே வேண்டும் என்று நெருக்கினார்கள். வேகமாகத் தயாரிப்பதற்காக ஹாஃப்கின் கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, சூடேற்றுவதை மட்டும் கொண்டே தூய்மைப்படுத்தும் முறைக்கு மாறினார். பாரிஸில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த முறைதான் அது. இருந்தாலும் அவசர காலத்தில் முறையை மாற்றியது அவருக்கு எதிராகப் பேசப் போகிறது என்பதை அவர் அன்று அறியவில்லை.

அக்டோபர் 30-ஆம் தேதி பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஐந்து சீசாக்கள் திறக்கப்பட்டன. ஒரு வாரம் கழித்து அவர்களில் 19 பேருக்குத் தாடை இறுகியது; உடல் வில்லாக வளைந்தது. ரணஜன்னி. பத்தொன்பது பேரும் மாண்டனர். பத்தொன்பது பேருக்கும் போடப்பட்ட மருந்து 53-என் என்று எண்ணிட்ட ஒரே சீசாவிலிருந்து எடுத்தது. நான் புரட்டிய நூல்களில் அந்தச் சீசாவின் எண் தவறாமல் இருக்கிறது; அந்தப் பத்தொன்பது பேரின் பெயர்கள் ஒன்றிலும் இல்லை.

விசாரணைக் குழு அமைந்தது. சீசா திறப்பதற்கு முன்பே, பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே கெட்டிருக்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டு 1904-இல் இந்தியாவை விட்டுப் போனார். இரண்டு நோய்களுக்குத் தடுப்பு மருந்து கண்டு, இரண்டையும் தம் உடம்பில் சோதித்தவர், பத்தொன்பது பேரைக் கொன்றவர் என்ற பெயரோடு கப்பல் ஏறினார்.

ஆனால் சாட்சியங்களில் வேறு ஒரு செய்தி கிடந்தது. அன்று முல்கோவாலில் சீசாவைத் திறக்க உதவிய ஆள் இடுக்கியைத் தரையில் தவற விட்டிருந்தார். அதைத் தீயில் காட்டாமல், மருந்து நீரில் அலம்பிவிட்டு, அதைக் கொண்டே தக்கையைப் பிடுங்கியிருந்தார். ரணஜன்னிக் கிருமி மண்ணிலே வாழ்வது என்பதை நாம் பாடத்திலேயே படித்திருக்கிறோம். மேலும், அந்தக் கிருமி சீசாவுக்குள் பல நாள் வளர்ந்திருந்தால் திறந்தவுடன் நாறியிருக்க வேண்டும். திறந்த மருத்துவர் முகர்ந்து பார்த்தும் நாற்றம் தெரியவில்லை. நஞ்சு முன்பே நிறைந்திருந்தால் நோயும் ஒரு வாரம் காத்திருக்காது. இத்தனையும் ஏட்டில் இருந்தும், ஏட்டைப் படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை. நிலையத்தின் மேல் பழி போடுவது எளிது. கிராமத்து மேசையில் ஒரு நிமிடத்தில் நடந்ததை ஆராய்வது கடினம். விசாரணைக் குழுவின் மேல் எனக்குள்ள குறை இதுதான்.

நண்பர்களே, உண்மை வெளிவர ஐந்து ஆண்டுகள் ஆயின. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைச் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ், ஹாஃப்கினுக்காகப் பேனாவைத் தூக்கினார். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னையிலும் இருந்தவர் அவர். இந்த அலுவலகங்களின் போக்கை உள்ளிருந்து பார்த்தவர். 1907 ஜூலையில் ராஸும் வேறு பல ஆய்வாளர்களும் கையெழுத்திட்ட கடிதம் லண்டன் டைம்ஸ் இதழில் வந்தது. அவ்வாண்டு இறுதியில் அரசாங்கம் குற்றச்சாட்டைக் கைவிட்டு, அவரை மறுபடி வேலைக்கு அழைத்தது.

அழைத்தது சரி, எங்கே அழைத்தது என்பதைப் பாருங்கள். அவர் உருவாக்கிய பம்பாய் நிலையத்தில் வேறொருவர் இருந்தார். கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடத்தைக் கொடுத்தார்கள். அங்கே மருந்து தயாரிக்கும் வசதி இல்லை. மனிதர்களிடம் சோதனை செய்ய அனுமதியும் இல்லை. வாந்திபேதி மருந்தை மேலும் செம்மைப்படுத்த அவர் போட்ட திட்டங்கள் ஏட்டோடு நின்றன. முதல் உலகப் போர் மூண்ட காலத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். குற்றமற்றவர் என்று எழுதிக் கொடுத்த காகிதம் அவருக்குக் கிடைத்தது, பரேல் கிடைக்கவில்லை.

1925-இல் பரேல் நிலையத்துக்கு ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் என்று பெயர் சூட்டினார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். 1930 அக்டோபரில் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். அவர் மணம் செய்து கொள்ளவில்லை. இருந்த பணத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் யூத சமயப் பள்ளிகளுக்கு எழுதி வைத்திருந்தார்.

இந்த டிசம்பர் விடுமுறையிலும் அதே பரிசோதனைக் கூடத்துக்குப் போகப் போகிறேன். எண்ணை எழுதியதும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கம் இப்போது எனக்கு வந்திருக்கிறது, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். 1964-இல் இந்திய அரசு ஹாஃப்கின் படம் பொறித்த தபால் தலை ஒன்றை வெளியிட்டது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று ஒன்றைத் தேடிக் கொண்டிருக்கிறேன். தபால்தலை சேகரிக்கும் நண்பர்கள் யாரிடமாவது இருந்தால், ஒரு நாள் இரவல் தந்தால் போதும்.