மொழி தெரியாமலே மண்ணின் கதையைக் காத்தவர்



இந்த மாதம் நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த நினைப்பவர் நம்ம நாட்டுக்காரர் அல்ல, நம்ம சமயத்தவரும் அல்ல. அயர்லாந்தில் பிறந்த கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ். இவரைப் பற்றி இங்கே எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். தாகூரின் கீதாஞ்சலி ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் இவர்தான். பத்து உபநிடதங்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்த இருவரில் ஒருவரும் இவர்தான். ஆனால் நான் இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

யேட்ஸ் 1865 ஜூன் 13-ஆம் நாள் டப்ளின் நகரை ஒட்டிய சேண்டிமவுன்ட்டில் பிறந்தார். அப்பா சட்டம் படித்தவர். ஆனால் அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஓவியம் வரையப் போய்விட்டார். அதனால் வீட்டில் எப்போதும் பணத் தட்டுப்பாடுதான். பிள்ளைக்கு இரண்டு வயதானபோது குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அம்மாவுக்கு லண்டன் பிடிக்கவே இல்லை. அவர் மனசெல்லாம் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஸ்லைகோ என்ற தன் ஊரிலேயே இருந்தது. அந்த ஊர்க் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். விடுமுறை வந்தால் பிள்ளைகள் தாத்தா வீட்டுக்குப் போவார்கள். அங்கே வேலைக்காரர்களும் மீனவர்களும் சொன்ன பேய்க் கதைகளும் வீரர் கதைகளும் யேட்ஸின் மனசில் ஆழமாகப் பதிந்தன.

படிப்பில் இவர் கெட்டிக்காரர் அல்ல. எழுத்துப் பிழை வாழ்நாள் முழுக்க இவரை விடவில்லை. அப்பாவும் தாத்தாவும் படித்த டிரினிட்டி கல்லூரிக்கு இவர் போகவில்லை. நுழைவுத் தேர்வுக்கு வேண்டிய அளவு கணக்கும் பழைய மொழிகளும் இவருக்கு வராது. கடைசியில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேயும் மனம் நிற்கவில்லை, கவிதைக்கு வந்துவிட்டார்.

இருபது வயதில் இவர் சந்தித்த ஓர் இந்தியரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மோகினி சாட்டர்ஜி என்ற வங்காள வழக்கறிஞர் டப்ளினுக்கு வந்து வேதாந்தம் பேசினார். அந்தப் பேச்சு யேட்ஸை அசைத்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகும் அந்த மனிதரை நினைத்து ஒரு கவிதை எழுதினார் என்றால், அந்த விதை எவ்வளவு ஆழமாக விழுந்திருக்க வேண்டும் பாருங்கள்.

இப்போது அன்றைய அயர்லாந்தின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகமானோர் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார்கள். ஐரிஷ் மொழி பேசிய ஏழைக் குடியானவர்கள்தான் அதிகம் செத்தார்கள். அதோடு மொழியும் தேய்ந்தது. ஆங்கிலம் பேசினால்தான் வேலை என்ற நிலை வந்தது. பாட்டி சொன்ன கதை பேரனுக்குப் புரியாத காலம் அது.

நான் சொல்ல வந்த காரணம் இங்கேதான் இருக்கிறது. யேட்ஸுக்கும் ஐரிஷ் மொழி தெரியாது! கடைசி வரைக்கும் அதை அவர் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. போதாததற்கு, கத்தோலிக்கர் நிறைந்த நாட்டில் சிறுபான்மைப் புராட்டஸ்டண்டு குடும்பத்தில் பிறந்தவர். நீ யார் எங்கள் கதையைச் சொல்ல என்று யாரும் கேட்டிருக்கலாம். அவர் ஒதுங்கிப் போகவில்லை. தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார்.

1888-இல் அயர்லாந்துக் குடியானவர்களின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1892-இல் டப்ளினில் தேசிய இலக்கியக் கழகம் தோன்ற முன்னின்றார். பிறகு கிரிகோரி சீமாட்டியோடு நட்பு ஏற்பட்டது. அவர் ஐரிஷ் மொழியைக் கற்றவர். இருவரும் குடிசை குடிசையாகப் போய்க் கதை கேட்டார்கள். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரோடு சேர்ந்து செய்வது யேட்ஸின் வழி. பாரிஸில் சிங் என்ற இளைஞரைச் சந்தித்தபோது, அயர்லாந்துக்கே திரும்பி ஆரன் தீவு மக்களோடு போய் வாழச் சொன்னார். அந்த இளைஞர்தான் பின்னாளில் அயர்லாந்தின் பெரிய நாடக ஆசிரியராக ஆனார்.

1904 டிசம்பர் 27-ஆம் நாள் டப்ளினில் ஆபி நாடக அரங்கம் திறக்கப்பட்டது. அயர்லாந்தின் கதையை அயர்லாந்து மக்களே நடிக்க ஒரு மேடை கிடைத்தது. ஆனால் 1907-இல் சிங்கின் நாடகம் ஒன்று மேடையேறியபோது சொந்த மக்களே கலவரம் செய்தார்கள். நம்மைக் கேவலப்படுத்துகிறது என்று கூச்சல். நடிகர்கள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை, போலீஸ் வந்தது. யேட்ஸ் நாடகத்தை நிறுத்தவில்லை. எதிர்ப்பவர்களையும் கூப்பிட்டு அதே அரங்கில் பொது விவாதம் வைத்தார். தன் இனத்தை நேசிப்பது என்றால் எப்போதும் புகழ்வது அல்ல, உண்மையைக் கேட்கும் தைரியமும் வேண்டும் என்று அவர் நம்பினார்.

சொந்த வாழ்க்கையில் ஏமாற்றம் நிறைய. மோட் கான் என்ற விடுதலைப் போராளியை 1889-இல் சந்தித்துக் காதலித்தார். பல முறை கேட்டும் அந்த அம்மையார் மறுத்துவிட்டார், வேறொருவரை மணந்தார். யேட்ஸுக்குத் திருமணம் நடந்தபோது வயது 52. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 1922-இல் சுதந்திர அயர்லாந்தின் மேலவை உறுப்பினரானார். 1923-இல் நோபல் பரிசு வந்தது.

குறை இல்லாத மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆவிகளோடு பேசுவது, மந்திரச் சடங்கு என்று நிறைய அலைந்தார். 1930-களில் சர்வாதிகாரப் போக்குடைய அரசியல் இயக்கம் ஒன்றின் பக்கம் கொஞ்ச காலம் சாய்ந்தார். பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது இதையும் மறைக்காமல் படிக்க வேண்டும்.

இனி உபநிடதக் கதைக்கு வருவோம். 1931-இல் புரோகித் சுவாமி என்ற மராட்டியத் துறவியை யேட்ஸ் சந்தித்தார். அதுவரை வந்த உபநிடத மொழிபெயர்ப்புகள் கரடுமுரடான ஆங்கிலத்தில் இருப்பதாக அவருக்கு ரொம்ப நாள் வருத்தம். சமஸ்கிருதமும் அவருக்குத் தெரியாது. மறுபடியும் அதே வழிதான்: சுவாமி மூலத்தைப் படித்துப் பொருள் சொல்வார், யேட்ஸ் அதைச் சாதாரண மனிதருக்கும் விளங்குகிற ஆங்கிலமாக ஆக்குவார். 1935-இன் கடைசியில் இருவரும் ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவுக்குப் போனார்கள். யேட்ஸுக்கு அப்போது 70 வயது. அங்கே உடம்பு மோசமாகி உயிருக்கே ஆபத்து வந்தது. பிழைத்து எழுந்தார், வேலையை விடவில்லை. 1937-இல் புத்தகம் வெளிவந்தது. ஈசம், கேனம், கடம் உள்ளிட்ட பத்து உபநிடதங்கள் அதில் உள்ளன.

1939 ஜனவரி 28-ஆம் நாள் தெற்குப் பிரான்சில் அவர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். போர் முடிந்தபின், 1948-இல் அயர்லாந்துக் கடற்படைக் கப்பல் ஒன்று போய் அவரை ஊருக்குக் கொண்டுவந்தது. அம்மா ஏங்கிய அதே ஸ்லைகோ மாவட்டத்தில், டிரம்கிளிஃப் தேவாலயத்தில் இன்று அவர் கல்லறை இருக்கிறது.

நண்பர்களே, தேவாரம் தடுமாறாமல் வாசிக்க வராது, அதனால் சமயத்தில் நமக்கு இடமில்லை என்று ஒதுங்கி நிற்கிற பிள்ளைகள் நம்மிடையே நிறைய பேர். யேட்ஸ் அப்படி நின்றிருந்தால் எத்தனை கதைகள் அந்தப் பாட்டிகளோடு புதைந்திருக்கும்! மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முழுதாகத் தெரியும் வரை காத்திருக்காதீர்கள். தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியிலிருந்தே தொடங்கலாம்.