எட்டு நிமிடத்தை விடாத கெப்ளர்



வானியல் என்றாலே கோள், குவியம், நீள்வட்டம், அண்மை நிலை, சேய்மை நிலை என்று வார்த்தைகள் வரிசையாக வந்து மிரட்டும். தேர்வுக்கு மனப்பாடம் பண்ணுவோம், மறுநாளே மறந்துவிடும். எனக்கு இவை மனதில் நின்றது ஜோகன்னஸ் கெப்ளரின் கதையைப் படித்த பிறகுதான்.

1571 டிசம்பர் 27-ல் ஜெர்மனியில் வைல் டெர் ஸ்டாட் என்ற சிறிய ஊரில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். அப்பா கூலிக்குப் போர் செய்யும் வீரர். ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. சிறுவயதில் வந்த பெரியம்மை கெப்ளரின் பார்வையைக் கெடுத்தது, கைகளையும் பலவீனமாக்கியது. ஆனாலும் 1577-ல் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தோன்றியபோது, அம்மா கதரினா ஐந்து வயது மகனை ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். வால்நட்சத்திரம் நட்சத்திரமே இல்லைங்க! பனியும் தூசியும் சேர்ந்த கட்டி. சூரியனை நெருங்கும்போது சூடாகி, வெளியேறும் ஆவியும் தூசியும் வாலாக நீளும்.

டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மேஸ்ட்லின் என்ற ஆசிரியரிடம், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கருத்தைக் கற்றார். 1594-ல் கிராட்ஸ் நகரில் கணக்கு ஆசிரியர் ஆனார். 1600-ல் மதச் சண்டையால் அந்த ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிராக் நகரில் டைகோ பிராகே என்ற வானியலாளரிடம் போய்ச் சேர்ந்தார். டைகோ, தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே பெரிய பெரிய கருவிகளை வைத்து வெறுங்கண்ணால் வானத்தை அளந்தவர். 1601-ல் அவர் இறந்ததும் அந்த அளவுகள் கெப்ளர் கைக்கு வந்தன.

செவ்வாய் போகும் பாதை வட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டார் கெப்ளர். எல்லாம் பொருந்தி வந்தது, எட்டு நிமிடம் மட்டும் உதைத்தது. இது கடிகார நிமிடம் இல்லை, கோண நிமிடம். ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் ஒரு நிமிடம். முழுநிலவின் அகலமே சுமார் 30 நிமிடம் என்றால் எட்டு எவ்வளவு சின்னது பாருங்க! நானாக இருந்தால் விடை வந்தாச்சு என்று அடிக்கோடு போட்டிருப்பேன். டைகோ அவ்வளவு தப்பாக அளந்திருக்க மாட்டார் என்று நம்பிய கெப்ளர், பல வருட உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

1609-ல் விடை வெளிவந்தது. பாதை வட்டம் அல்ல, நீள்வட்டம். அட்டையில் இரண்டு குண்டூசி குத்தி, தளர்வான நூல் வளையம் மாட்டி, பென்சிலால் இழுத்துச் சுற்றினால் வருமே, அதுதான். (கீழே வரைந்திருக்கிறேன்.) ஊசி குத்திய இடங்கள் குவியங்கள். ஒன்றில் சூரியன் இருக்கும், இன்னொன்று சும்மா கிடக்கும். கோள் சூரியனுக்கு மிக அருகில் வரும் இடம் அண்மை நிலை, அங்கே வேகமாக ஓடும். மிகத் தள்ளிப் போகும் இடம் சேய்மை நிலை, அங்கே மெதுவாகப் போகும். நம் பூமி அண்மை நிலைக்கு வருவது ஜனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிக் குளிரில் நடுங்கும்போது! அப்போது தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கி.மீ. ஜூலையில் சுமார் 15 கோடியே 21 லட்சம் கி.மீ. ஆக, வெயிலும் குளிரும் மாறி வருவது பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்தான், தூரத்தால் அல்ல.

இதற்கிடையே வீட்டில் பெரிய இடி விழுந்தது. 1615-ல் அம்மா கதரினாவைச் சூனியக்காரி என்று ஊரார் குற்றம் சாட்டினார்கள். மூலிகை மருந்து கொடுப்பவர் அவர். அந்தக் காலத்தில் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை மரணம். 1620-ல் கைது செய்து சங்கிலியில் கட்டிவைத்தார்கள். வயது எழுபதுக்கு மேல்! கெப்ளர் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, தானே வழக்கறிஞர் போல ஒவ்வொரு புகாருக்கும் எழுத்தில் பதில் கொடுத்தார். பதினான்கு மாதச் சிறைக்குப் பிறகு 1621-ல் அம்மா விடுதலையானார். ஆறே மாதத்தில் இறந்துபோனார். எட்டு நிமிடத்தை விடாதவர் அம்மாவையும் விடவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த 1618-ல்தான் மூன்றாம் விதியைக் கண்டுபிடித்தார். சூரியனிலிருந்து பூமியின் சராசரி தூரம், சுமார் 15 கோடி கி.மீ., ஒரு வானியல் அலகு. வியாழனின் தூரம் 5.2 அலகு. 5.2-ஐ மூன்று முறை பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 11.86 வரும். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற ஆகும் வருடங்கள் அதுவே!

புதன் கோள் 1631 நவம்பர் 7-ல் சூரியனின் முகத்தைக் கடக்கும் என்றும் கணித்துச் சொன்னார். இதற்குக் கடப்பு என்று பெயர். ஆனால் வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்கப் போன இடத்தில், ரெகன்ஸ்பர்க் நகரில், 1630 நவம்பர் 15-ல் காலமானார். பின்னர் வந்த போரில் அவர் கல்லறையும் அழிந்தது. அவர் சொன்ன அதே நாளில் பாரிஸில் கசெண்டி என்பவர் சூரிய பிம்பத்தைத் தாளில் விழவைத்துப் பார்த்தார். ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி நகர்ந்து போனது.

அடுத்த புதன் கடப்பு 2032 நவம்பர் 13-ல். நம் ஊரில் மதியத்துக்கு மேல். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதீங்க, தாளில் விழவைத்துத்தான் பார்க்கணும்.