கேளா ஒலி கண்ட மருத்துவர்

உடலினுள் மறைந்து வளரும் கட்டியின் இயல்பை, அறுத்துப் பார்த்தே அறியவேண்டிய நிலை ஒரு காலத்தில் இருந்தது. எக்ஸ் கதிர் எலும்பைத் தெளிவாகக் காட்டிற்று. மென்மையான உறுப்புகளை அவ்வாறு காட்டவில்லை. இக்குறையைப் போக்கிய பெருமக்களுள் ஒருவர் இயன் டொனால்டு.

அவர் 1910ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். தென்னாப்பிரிக்காவில் பயின்று, பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்றார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் மருத்துவராய்ப் பணியாற்றினார். குண்டுகளோடு தீப்பற்றி எரிந்த விமானத்தினுள் தம் உயிரையும் பொருட்படுத்தாது புகுந்து வீரர்களை மீட்டார். கடலுள் மறைந்த நீர்மூழ்கிக் கப்பலை எதிரொலியால் கண்டறியும் முறை அப்போர்க்காலத்தில் அவர் கருத்தைக் கவர்ந்தது.

1954இல் அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியரானார். அந்நகருக்கு அருகிலுள்ள ரென்ஃப்ரூ என்னும் ஊரில் கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. உலோகத்தினுள் மறைந்துள்ள வெடிப்புகளை அங்கே கேளா ஒலியால் கண்டறிந்தனர். செவிக்கு எட்டாத அவ்வொலி பொருளினுள் சென்று, தன்மை மாறும் இடத்தில் பட்டு எதிரொலியாய்த் திரும்பும். 1955ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அறுவையில் நீக்கிய கட்டிகளைக் காரில் எடுத்துக்கொண்டு டொனால்டு அங்குச் சென்றார். நீர்க்கட்டி ஒருவகை எதிரொலியையும் தசைக்கட்டி மற்றொருவகை எதிரொலியையும் தரக் கண்டு மகிழ்ந்தார்.

டாம் பிரௌன் என்னும் இளம் பொறியாளரும், ஜான் மெக்விகார் என்னும் மருத்துவரும் அவருக்குத் துணைநின்றனர். அவர் முயற்சியைக் கண்டு நகைத்தோரும் உளர். அக்காலத்தில் வயிறு பெருத்து நலிந்த பெண்மணி ஒருவரைத் தீராப் புற்றுநோயுற்றவர் என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தனர். டொனால்டின் கருவியோ பெரியதொரு நீர்க்கட்டியையே காட்டிற்று. அக்கட்டி நீக்கப்பட்டது, அப்பெண்மணி உயிர் பிழைத்தார். 1958இல் இவ்வாராய்ச்சி லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது.

இம்முறை பிற உறுப்புகளுக்கும் பரவிற்று. 1960களின் இறுதியில் ஜப்பானிய மருத்துவர் வாட்டனாபே, ஆடவர்க்குரிய புராஸ்டேட் சுரப்பியைக் கேளா ஒலியால் படம் பிடித்தார். அச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளின் இடத்தையும் அளவையும் அறியவும், மருத்துவத்தால் அவை சுருங்குகின்றனவா என நோக்கவும் இன்று அது உதவுகின்றது. கட்டியின் இனத்தை உறுதி செய்ய, ஊசியால் சிறிது தசையெடுத்து ஆராய்தல் வேண்டும். அவ்வூசி செல்ல வேண்டிய வழியையும் அவ்வொலியே காட்டுகின்றது.

டொனால்டு இதயநோயால் பன்முறை துன்புற்றும் தம் பணியைக் கைவிட்டாரல்லர். 1987இல் அவர் மறைந்தார். பேராசிரியராய் இருந்தும் தொழிற்சாலையின் வாயிலில் மாணவராய் நின்று கற்ற அவர்தம் பணிவு, எண்ணற்ற நோயாளர்க்கு வாழ்வளித்தது.