ஏ. கே. கோபாலன்: தொழிலாளர்க்கு வாய்த்த ஆசிரியர்

தம்பானூரில், பேருந்து நிலையத்தை அடுத்துச் செங்கல்லால் வட்டமாய் எழுந்து நிற்கும் இந்தியன் காப்பி ஹவுசை அறியாத தமிழ் மாணவர் நம்முள் இலர். அக்கட்டடத்தை வகுத்த லாரி பேக்கரைப் பலரும் புகழ்வர். நானோ, காப்பி வழங்குவோரையே கடைக்கு உரியவராக்கிய ஏ. கே. கோபாலனைப் பற்றி எழுத விழைகிறேன்.

1904-ஆம் ஆண்டில் கண்ணூர்ப் பகுதியில் பிறந்த ஏ.கே.ஜி., முதலில் பள்ளி ஆசிரியராய் இருந்தார். 1930-இல் அப்பணியைத் துறந்து, உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை புகுந்தார். குருவாயூர்க் கோயில் நுழைவுப் போரில் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கி அடிபட்டார். 1936-இல் பட்டினிப் பட்டாளத்தைத் திரட்டிக் கண்ணூரிலிருந்து சென்னைக்கு நடந்தார். 1952 முதல் நாடாளுமன்றத்தில் ஏழைகளின் குரலாய் விளங்கினார்; 1977 மார்ச் 22-இல் மறைந்தார்.

1950-களின் நடுவில் காப்பி வாரியம் தன் கடைகளை மூட முற்பட்டது. தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் நிற்கும் நிலை. வேலையைத் திருப்பிக் கேட்பதோடு ஏ.கே.ஜி. நிற்கவில்லை, கடைகளையே தொழிலாளர் ஏற்று நடத்த வழிகாட்டினார். 1957 ஆகஸ்டு 19-இல் பெங்களூரில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1958 மார்ச் 8-இல் திருச்சூர்க் கடையை அவரே திறந்து வைத்தார்.

தட்டேந்திய கைக்குக் கணக்கெழுதத் தெரியுமா? கொள்முதலும் விலையும் யார் பார்ப்பது? வேலை செய்துகொண்டே கற்பதன்றி அவர்களுக்கு வேறு பள்ளி ஏது?

1990-இல் அமெரிக்க அறிஞர் பீட்டர் செங்கே, கற்கும் நிறுவனத்திற்கு ஐந்து பயிற்சிகளை வகுத்தார்: தன்திறன் வளர்த்தல், மனத்தில் உறைந்த எண்ணங்களை ஆராய்தல், பொதுக் குறிக்கோள், கூடிக் கற்றல், முழுமையாய் நோக்குதல். இவற்றுள் இரண்டாவதே கடினம் என்பது என் கருத்து. பரிமாறுபவனுக்கு நிருவாகம் வாராது என்னும் எண்ணம் முதலாளியின் நெஞ்சில் மட்டுமா இருந்தது? தொழிலாளியின் நெஞ்சிலும் அன்றோ வேரூன்றியிருந்தது! அவ்வேரைக் களைந்ததே ஏ.கே.ஜி. நடத்திய முதற்பாடம்.

ஆயினும், ஒரு முறை கற்றதோடு கல்வி முடிவதில்லை. உறுப்பினர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டால், கூட்டுறவு பெயரளவில்தான் எஞ்சும். நம் மாணவர் சங்கத்திற்கும் இது பொருந்தும். ஆண்டுதோறும் நால்வர் மட்டுமே கணக்குப் பார்த்து, நால்வர் மட்டுமே மேடையேறினால், ஏனையோர் கற்பதெப்போது? நண்பர்களே, இவ்வாண்டு வரவுசெலவு ஏட்டைப் புதியவர் கையில் கொடுப்போம். தெரிந்தவர் அருகிலிருந்து கற்பிப்போம்.