சுப்ரதா மித்ரா: முற்றத்து வெளிச்சத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர்

இந்தியத் திரைப்படங்களில் நெடுங்காலம் வீட்டின் உட்புறம் என்பது விளக்குகளால் நிறைந்த இடமாகவே காட்டப்பட்டது. ஏழையின் குடிசையிலும் நடிகரின் முகம் பளிச்சென்று ஒளிர்ந்தது. ஒருவர் நின்றால் சுவரில் இரண்டு மூன்று நிழல்கள் விழுந்தன. சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, பொழுது காலையா மாலையா என்பதைப் பற்றி அந்த வெளிச்சம் கவலைப்படவில்லை. இந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா.

1930 அக்டோபர் 12-ஆம் தேதி, நடுத்தர வங்காளக் குடும்பத்தில் பிறந்தவர் மித்ரா. பள்ளி நாட்களிலேயே நண்பர்களுடன் சைக்கிளில் சென்று ஆங்கிலப் படங்களைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. கல்லூரியில் அறிவியல் பயின்றபோதே, கட்டடக்கலை அல்லது ஒளிப்பதிவு என்று தமது எதிர்காலத்தை அவர் வகுத்துக்கொண்டார். கேமரா உதவியாளர் வேலை தேடியும் கிடைக்கவில்லை.

அந்த வேளையில், பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 1951-இல் வெளியான 'தி ரிவர்' படத்தை எடுப்பதற்காக வங்காளத்துக்கு வந்திருந்தார். மித்ராவுக்கு அதில் வேலை கிடைக்கவில்லை. ஆனால் படப்பிடிப்பை உடனிருந்து பார்க்க அனுமதி கிடைத்தது. விளக்குகள் வைக்கப்பட்ட இடம், நடிகர்கள் நகர்ந்த வழி, கேமரா நின்ற கோணம் ஆகியவற்றை நாள்தோறும் படம் வரைந்து குறித்துக்கொண்டார். அப்படத்தின் ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவாரே, வெளிச்சத்தின் தொடர்ச்சியைச் சரிபார்க்க அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததாகக் கூறப்படுகிறது.

அதே படப்பிடிப்பைக் காண வந்தவர்களில் சத்யஜித் ரேயும் ஒருவர். அப்போது விளம்பர நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அவர், தமது முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யின் ஒளிப்பதிவை மித்ராவிடம் ஒப்படைத்தார். அவருக்கு வயது 21. திரைப்படக் கேமராவை அதுவரை அவர் இயக்கியதில்லை. 1952 அக்டோபரில் தொடங்கிய படப்பிடிப்பு, பணமின்றிப் பலமுறை நின்றது. மேற்கு வங்க அரசின் நிதியுதவியால் படம் நிறைவுபெற்று 1955-இல் வெளியானது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள போரால் கிராமத்தில் மழையும் வெயிலும் குளத்து நீரும் எப்படி இருந்தனவோ, அப்படியே திரையில் தெரிந்தன.

மித்ராவுக்கு உண்மையான சோதனை அடுத்த படத்தில் வந்தது. 1956-இல் வெளியான 'அபராஜிதோ'வின் முற்பகுதி காசியில் நிகழ்கிறது. அப்புவின் குடும்பம் வசிக்கும் பழைய வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் உண்டு. மழைக்காலம் படப்பிடிப்பைக் குலைத்துவிடும் என்ற அச்சத்தால், அந்த வீட்டைக் கல்கத்தாவில் அரங்கமாக அமைக்க முடிவாயிற்று. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவின் இந்த யோசனையை மித்ரா ஏற்கவில்லை. அவரது எதிர்ப்புக்குத் தெளிவான காரணம் இருந்தது.

உயர்ந்த சுவர்கள் சூழ்ந்த முற்றத்தில் வெயில் நேராக விழும் நேரம் குறைவு. பெரும்பாலும் வானத்தின் பரந்த ஒளியே மேலிருந்து இறங்கிச் சுவர்களில் பட்டுப் பரவுகிறது. அதனால் அங்கே விழும் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு இருப்பதில்லை. அரங்க விளக்குகளோ நேராகப் பாய்ந்து கடினமான நிழலை உண்டாக்குபவை. அந்த நிழலை மறைக்க இன்னொரு விளக்கை வைத்தால் அதுவும் ஒரு நிழலைத் தரும். இந்த முறையில் முற்றத்தின் வெளிச்சத்தைப் படைக்க இயலாது என்பதே மித்ராவின் வாதம்.

வாதத்தில் தோற்ற மித்ரா, தீர்வையும் தாமே கண்டார். அரங்கத்தின் மேலே, வானம் தெரியவேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்களை நோக்கித் திருப்பாமல், கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, முற்றத்து ஒளியைப் போலவே மென்மையாக இறங்கியது. நோயுற்ற ஹரிஹரும் சர்பஜயாவும் வாழும் அந்த வீடு அரங்கம் என்பதை, படம் பார்ப்பவர் எளிதில் கண்டுகொள்ள முடியாது.

பிரதிபலிப்பு ஒளி என்னும் இம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. சுவீடன் ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்டின் பெயரோடு அதை இணைத்துப் பேசுவோர் உண்டு. ஆயினும் நிக்விஸ்டின் புகழ்பெற்ற படங்களுக்குச் சில ஆண்டுகள் முன்பே, குறைந்த வசதிகள் கொண்ட கல்கத்தா அரங்கத்தில் மித்ரா அதைச் செய்துகாட்டிவிட்டார்.

ரேயுடன் மொத்தம் 10 படங்களில் அவர் பணியாற்றினார். 'ஜல்சாகர்' படத்தில் ஜமீன் மாளிகையின் மங்கும் ஆடம்பரமும், 1962-இல் வந்த வண்ணப்படமான 'கஞ்சன்ஜங்கா'வில் டார்ஜிலிங்கின் மாறிமாறி வரும் மூடுபனியும் வெயிலும், 1964-இல் 'சாருலதா'வில் தனிமையில் வாடும் பெண்ணின் அறைகளும் அவர் கண்வழி வந்தவை. இடையில் கண் கோளாறு காரணமாகச் சில படங்களில் அவரால் பணியாற்ற முடியவில்லை. சித்தார் இசையிலும் தேர்ந்தவரான அவர், 'பதேர் பாஞ்சாலி'யின் பின்னணி இசையில் ஒரு பகுதியை வாசித்துமிருக்கிறார்.

'சாருலதா' காலம் முதல் ரே தாமே கேமராவை இயக்கத் தொடங்கினார். 1966-இல் வெளியான 'நாயக்' இருவரும் இணைந்த கடைசிப் படமாயிற்று. ஜேம்ஸ் ஐவரியின் 'ஷேக்ஸ்பியர் வாலா' உள்ளிட்ட படங்களும், ராஜ் கபூர் நடித்த 'தீஸ்ரி கசம்' என்னும் இந்திப் படமும் மித்ராவின் பெயரைத் தாங்கியுள்ளன. ஒளி சரியாக அமையும்வரை காத்திருக்கும் அவரது பிடிவாதத்துக்கு, அவசரத்தில் இயங்கும் திரையுலகில் இடம் குறைவாகவே இருந்தது. ஆற்றலோடு ஒப்பிட்டால் அவர் ஒளிப்பதிவு செய்த படங்கள் மிகக் குறைவு. 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 1992-இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கியது.

1997 முதல் கொல்கத்தாவிலுள்ள சத்யஜித் ரே திரைப்படக் கல்வி நிறுவனத்தில் ஒளிப்பதிவுப் பேராசிரியராக இருந்த மித்ரா, 2001 டிசம்பரில் மறைந்தார்.

அப்பு வரிசைப் படங்களின் மூலச் சுருள்கள் 1993-இல் லண்டனில் நிகழ்ந்த ஆய்வகத் தீவிபத்தில் கடுமையாகச் சேதமடைந்தன. எஞ்சிய பகுதிகளையும் பிற பிரதிகளையும் கொண்டு மூன்று படங்களும் சீரமைக்கப்பட்டு, 2015-இல் மீண்டும் திரைக்கு வந்தன. வெள்ளைத் துணியில் பட்டு இறங்கிய அந்த வெளிச்சத்தை, அவர் மறைந்த பின் வளர்ந்த தலைமுறையும் இன்று தெளிவாகக் காண முடிகிறது.